நுரைக்கும் தண்ணீர்

மாரண்டஹள்ளிக்கு மேற்கே
எழுநூற்றி எண்பது அடியில் கிடைத்த தண்ணீரைக்
குளிர்பான பாட்டிலில் கொண்டுவந்திருந்தார் நஞ்சுண்டன்.
மூடியில் இன்னும் ஆரஞ்சு வாசம்.
"இதுல எடுக்கக் கூடாதுங்க" என்றேன்.
"நாலு தடவை கழுவிட்டேன் மேடம்.
சோப்பு என்னமா நுரைக்குது தெரியுமா?
பருப்பு மலர்ந்து வேகுது.
கேன் கம்பெனி போடலாம்னு இருக்கேன்,
ஒரு சர்ட்டிபிகேட் மட்டும்."

தருமபுரி ஆய்வகத்தில் பதினோரு வருடமாக
கரைந்தது எவ்வளவு, கரையாதது எவ்வளவு என்று
எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.
எனக்குத் தெரியும்,
காரமண் உலோகங்களுக்கு ஒரே புத்தி கிடையாது.
ஹைட்ராக்சைடாக வரும்போது
மெக்னீசியம் தண்ணீரில் இறங்கவே இறங்காது,
பால்போலக் கலங்கி நிற்கும்.
என் மாமனார் இரவில் இரண்டு ஸ்பூன்
குலுக்கிக் குடிப்பது அதைத்தான்.
கால்சியம் கொஞ்சம் இறங்கும்,
வெற்றிலைக்குத் தடவுகிற அளவில் நாக்கைச் சுடும்.
ஸ்ட்ரான்சியம் அதைவிட.
பேரியம் தாராளமாக இறங்கி
தண்ணீரையே எரிகாரம் ஆக்கிவிடும்.

சல்பேட்டாக வந்தால் வரிசை தலைகீழ்.
மெக்னீசியம் ஓடிப்போய்க் கரைகிறது,
பேரியம் கல்.

போன மார்கழியில் என் அண்ணி
மருத்துவக் கல்லூரி எக்ஸ்ரே அறையில்
அந்தக் கல்லை ஒரு டம்ளர் குடித்தாள்.
வெளியே பெஞ்சில் மற்றவர்கள் முருகா முருகா என்க
நான் கரைதிறன் பெருக்கத்தை
முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்,
பத்தின் அடுக்கு மைனஸ் பத்து, மைனஸ் பத்து என்று.
கரைந்தால் நஞ்சு.
கரையவில்லை.
குடலின் ஒவ்வொரு வளைவையும் வெள்ளையாக எழுதிக் காட்டிவிட்டு
மறுநாள் அது தன் வழியே போய்விட்டது.

ஃபுளோரைடு மட்டும் எந்த வரிசைக்கும் அடங்குவதில்லை.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை;
நடுவில் நிற்கிற கால்சியத்தின் கையைத்தான்
இறுகப் பிடிக்கும்.
பிடித்தால் இரண்டும் கல்லாகி
அடியில் உட்கார்ந்துவிடும்.

புரெட்டைத் திறந்தேன்.
மூன்றாவது மில்லியிலேயே
குடுவையின் திராட்சைச் சிவப்பு நீலமாகிவிட்டது.
கால்சியம் பேருக்குத்தான் இருக்கிறது.
காரத்தன்மை மட்டும் ஏறிக்கிடந்தது,
பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டதும்
லேசாக ரோஜா.

கால்சியம் வரும் வழியிலேயே
சுக்கான் கல்லாக ஒதுங்கிவிட்டது.
நஞ்சுண்டனின் காட்டில் கலப்பையில் இடறுகிற
வெள்ளை உருண்டைகள் அவைதான்.
பிடித்து நிறுத்த ஆளில்லாத தண்ணீருக்குள்
பாறையிலிருந்து ஃபுளோரைடு
இஷ்டத்துக்கு இறங்கியிருக்கிறது.

மூன்று புள்ளி நான்கு.
ஒன்றரைக்கு மேல் சிவப்பு மையில் எழுத வேண்டும்.
பேனாவை இரண்டு முறை உதறினேன்.

"வேற கிணறு இருக்குதுங்களா?"
"இருக்குது, வீட்டுக்குப் பின்னால.
உப்பு. பருப்பு வேகாது,
குடத்துல வெள்ளை வெள்ளையாப் படியும்.
மாடுகூட யோசிச்சுத்தான் குடிக்கும்."
"அதுல ஒரு பாட்டில் கொண்டாங்க."
"அதையா?" என்று சிரித்தார்.

முன்பற்கள் நான்கிலும்
குறுக்கே பழுப்புக் கோடு.
தண்ணீரில் கிடைக்காத கால்சியத்தை
அது இவருக்குள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது.
நானும் சிரித்தேன்,
பெண்பார்க்க வந்த அன்று பழகிக்கொண்ட மாதிரி
உதட்டைத் திறக்காமல்.
பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டுத் தண்ணீரும்
ருசியான தண்ணீர்தான்.

முடிவை விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.
காகிதத்தை எட்டாக மடித்து
சட்டைப்பையில் வைத்தார்.
"மெஷின் தப்பா இருக்காதுங்களே?"
இருக்காது என்றேன்.
படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு படியிலும் நின்றார்.

குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை.
மிச்சமிருந்த அவருடைய தண்ணீரை ஊற்றி
குடுவையைக் கழுவினேன்.
பொய் சொல்லவில்லை மனிதர்.
என்னமா நுரைக்கிறது.